கியரை விட்டு வராத ஸ்டெர்ன்டிரைவ்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது எப்படி

நெம்புகோல் நியூட்ரலில் நிற்கிறது. படகு மட்டும் நிற்காமல் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. படகுக்குப் பிரேக் கிடையாது. ரிவர்ஸ்தான் அதன் பிரேக். கியர் மாறவில்லை என்றால் துறைமேடையில் இடிப்பதா, பக்கத்துப் படகில் இடிப்பதா என்கிற தெரிவு மட்டும்தான் ஓட்டுபவருக்கு மிஞ்சும்.

இப்படி ஆனதும் பெரும்பாலானோர் "கியர்பெட்டி போயிற்று" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அது போயிருப்பது அபூர்வம். ஒன்ராறியோவின் ஏரிகளில், குறிப்பாக சிம்கோவிலும் கவார்தாவிலும், நம்மவர்கள் இரண்டாம் கையாக வாங்கி ஓட்டும் படகுகளில் மெர்க்ரூஸர் ஆல்ஃபா ஒன் என்ற ஸ்டெர்ன்டிரைவ்தான் அதிகம் (எஞ்சின் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் படகின் பின்புறம் வெளியிலும் இருக்கும் அமைப்பு). அதில் கியர் சிக்கினால் முதல் சந்தேகம் ஒரு கேபிள் மேல்தான் விழவேண்டும். எஞ்சினிலிருந்து டிரைவுக்குள் போகும் கீழ் ஷிஃப்ட் கேபிள் அது. நல்ல கேபிள் தானாக அளவு மாறிப்போகாது. ஆகவே "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும், முதலில் கேபிளைப் பரிசோதியுங்கள். அட்ஜஸ்ட்மென்ட் அதற்குப் பிறகு.

தண்ணீரில் இருக்கும்போதே சிக்கினால்

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். நெம்புகோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. எஞ்சின் நின்றால் கியர்ப் பற்களின் மேலிருந்த அழுத்தம் விட்டுப்போகும். பல நேரங்களில் அதே நொடியில் நெம்புகோல் இலகுவாக நியூட்ரலுக்கு வந்துவிடும். வந்தால் அதுவே ஒரு தடயம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு விஷயம். ஸ்டார்ட்டரைத் தடுக்கும் நியூட்ரல் பாதுகாப்புச் சுவிச் இருப்பது கன்ட்ரோல் பெட்டிக்குள். அது நெம்புகோல் எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் பார்க்கும். டிரைவ் எந்தக் கியரில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கேபிள் அறுந்திருந்தால் நெம்புகோல் நியூட்ரலில் இருக்கும், எஞ்சினும் ஸ்டார்ட் ஆகும், படகு மட்டும் பாய்ந்து கிளம்பும். யாராவது தண்ணீரில் நின்றாலோ, கயிற்றைக் கட்டப் படகின் முன்முனையில் குனிந்திருந்தாலோ என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நங்கூரம் போட்டுவிட்டு, கட்டியிழுக்க ஆள் கூப்பிடுங்கள். ட்ரென்ட்-செவெர்ன் நீர்வழியில் போகிறவர்கள் மதகுத் தொட்டிக்குள் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் தொட்டி) நுழைவதற்கு முன்பே, வெளியில் காத்திருக்கும் இடத்தில், ஒருமுறை ரிவர்ஸ் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். உள்ளே சுவருக்கும் மற்றப் படகுகளுக்கும் நடுவில் பரிசோதனை வேண்டாம்.

கையிலிருந்து புரொப்பெல்லர் வரை

பிழை பிடிக்க இந்த வரிசை மனதில் இருந்தால் போதும்: கன்ட்ரோல் பெட்டி, அதிலிருந்து எஞ்சினுக்கு வரும் கன்ட்ரோல் கேபிள், எஞ்சின் மேல் இரண்டு கேபிள்களும் சந்திக்கும் ஷிஃப்ட் பிளேட், அங்கிருந்து படகின் பின்பலகையைத் தாண்டிப் பெல் ஹவுசிங்குக்குள் (டிரைவ் வந்து பொருந்தும் கூடு) போகும் கீழ் ஷிஃப்ட் கேபிள், அங்குள்ள சிறு கிராங்க், டிரைவுக்குள் இறங்கும் ஷிஃப்ட் ஷாஃப்ட், கடைசியில் கிளட்ச். ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, எந்தப் பக்கம் இறுக்கமாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் முழு வித்தையும்.

கிளட்ச் எந்த வகை என்பது முக்கியம். மெர்க்ரூஸர் ஆல்ஃபாவில் கிளட்ச் டிரைவின் கீழ்ப்பெட்டியில், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மேல் இருக்கிறது. அது பல்லும் பல்லும் கவ்வும் டாக் கிளட்ச். பற்கள் உள்நோக்கிச் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் சுமை ஏறஏற இன்னும் இறுகும். ஓடும்போது நழுவாமல் இருப்பதற்காகவே அப்படி. அதனால் சுமையோடு அதை இழுத்துப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்காக ஷிஃப்ட் பிளேட்டில் ஒரு சின்ன இன்டர்ரப்ட் சுவிச் வைத்திருக்கிறார்கள். கியரை விட்டு வெளியே வரும்போது அது ஒரு கண நேரம் இக்னிஷனை வெட்டும். எஞ்சின் தடுமாறும் அந்தக் கணத்தில் பற்கள் விட்டுக்கொடுக்கும். ஓஎம்சி நிறுவனத்தின் கோப்ரா டிரைவிலும் இதே தத்துவம்தான். அங்கே இன்னும் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் உண்டு. ஓஎம்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டு இறுதியில் திவாலானது. கோப்ரா வாங்கும் முன் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மெர்க்ரூஸர் பிராவோவும் வால்வோ பென்டாவின் பெரும்பாலான டிரைவ்களும் வேறு சாதி. அவற்றில் டிரைவின் மேல்பெட்டிக்குள் கூம்பு வடிவக் கிளட்ச் இருக்கிறது. கூம்பு கியரின் குழிக்குள் உராய்ந்து பிடிக்கும். இவற்றுக்கு இன்டர்ரப்ட் சுவிச் தேவையில்லை. இணையத்தில் படித்ததை வைத்துப் பிராவோவில் அந்தச் சுவிச்சைத் தேடி அலைபவர்கள் உண்டு. இருக்காது.

கேபிளே இல்லாமல் எலக்ட்ரானிக் முறையில் கியர் மாறும் புதிய படகுகளுக்கு ஸ்கேனர் வேண்டும். அவை இந்தக் குறிப்பில் இல்லை.

தொடங்கும் முன்

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள், பற்றரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகுதான் புரொப்பெல்லரில் கை வைக்கலாம். தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் பரிசோதனைக்குப் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுவதே உத்தமம். ஆல்ஃபாவின் தண்ணீர்ப் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. அதன் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் சில நொடிகளில் கருகிவிடும். ஆகவே டிரைவின் தண்ணீர்த் துவாரங்களை மூடிக் குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் ரப்பர்க் கிண்ணங்களான மஃப் மாட்டித் தோட்டக்குழாயைத் திறந்த பிறகே ஸ்டார்ட். எஞ்சின் அறையைத் திறந்து பெற்றோல் வாடை இல்லை என்று பாருங்கள், ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரை 4 நிமிடம் ஓடவிடுங்கள்.

அறிகுறி: எஞ்சின் நிற்கும்போது நெம்புகோல் நகரவே மாட்டேன் என்கிறது

பாதிப் பேருக்கு இது பழுதே அல்ல. டாக் கிளட்ச்சில் பல்லுக்கு நேரே பல் வந்து நின்றால் உள்ளே போக இடமில்லை. ஒருவர் புரொப்பெல்லரை மெதுவாகக் கையால் திருப்ப, இன்னொருவர் நெம்புகோலைத் தள்ளவேண்டும். திருப்பாமல் பலம் கொண்டமட்டும் தள்ளினால் நல்ல கேபிளும் வளைந்துபோகும். வசந்தகாலத்தில் டிரெய்லரில் இருக்கும் படகைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் நெம்புகோலை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். விற்பவருக்கு அது நல்லதில்லை.

இப்படித் திருப்பும்போதே கியரின் நிலையையும் தெரிந்துகொள்ளலாம். ஆல்ஃபாவில் நியூட்ரல் என்றால் புரொப்பெல்லர் இரு பக்கமும் தாராளமாகச் சுற்றும். முன்கியரில் ஒரு பக்கம் பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் கடகடவென்று பல் தாண்டும் ஓசை கேட்கும். பின்கியரில் இரு பக்கமும் பிடிக்கும். நெம்புகோல் ஒன்றைச் சொல்லி புரொப்பெல்லர் இன்னொன்றைச் சொன்னால், நம்பவேண்டியது புரொப்பெல்லரை.

அறிகுறி: கியர் நன்றாக விழுகிறது, ஆனால் எஞ்சினை நிறுத்தினால்தான் நியூட்ரலுக்கு வருகிறது

ஆல்ஃபாவில் அதிகம் வரும் முறைப்பாடு இது. மூன்று காரணங்கள், பார்க்கவேண்டியதும் இதே வரிசையில்.

முதலாவது ஐடில் வேகம், அதாவது வேகம் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம். கார்புரேட்டர் வைத்த எஞ்சின்களில் பெரும்பாலானவை கியரில் நிற்கும்போது நிமிடத்துக்கு 650 முதல் 700 சுற்றில் ஓடவேண்டும். எஞ்சின் குளிரில் நின்றுவிடுகிறது என்று யாரோ ஐடில் திருகாணியை முறுக்கி 900க்கு மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த வேகத்தில் பற்களின் மேல் சுமை அதிகம்; சுவிச் வெட்டும் ஒரு கணம் போதாது. உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். டாஷ்போர்டு மீட்டரை நம்பாமல் பட்டறையில் பயன்படுத்தும் டேக்கோமீட்டரால் (சுற்று அளவி) அளந்தால் நல்லது. ஐடிலைக் குறைத்ததும் எஞ்சின் நின்றுபோகிறது என்றால் கார்புரேட்டருக்கோ இக்னிஷனுக்கோ வேலை இருக்கிறது. அந்த வேலையைத் தள்ளிப்போட்டதன் வட்டியைத்தான் கியர் கட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது இன்டர்ரப்ட் சுவிச். மஃப் மாட்டி, எஞ்சினை நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு, ஷிஃப்ட் பிளேட்டில் உள்ள சுவிச்சின் கையை விரலால் அழுத்துங்கள். எஞ்சின் தடுமாறவேண்டும், அழுத்திப் பிடித்தால் நிற்கவேண்டும். ஒன்றும் ஆகவில்லையா? எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுவிச்சின் வயர்களைப் பாருங்கள். முனை துருப்பிடித்திருக்கும், அல்லது முன்னாளில் யாரோ கழற்றி விட்டிருப்பார்கள். பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் இந்தச் சுவிச் சாதாரணமாகத் திறந்திருக்கும், அழுத்தினால் இக்னிஷனை எர்த் செய்யும். மல்டிமீட்டர் வைத்தால் அழுத்தும்போது மட்டும் தொடர்ச்சி காட்டவேண்டும். எரிபொருள் ஊசி எஞ்சின்களில் இதே சுவிச்சின் செய்தியைக் கணினி வாங்கிக்கொண்டு சுற்றைக் குறைக்கும்.

சுவிச் வேலை செய்தாலும் அது இருக்கும் இடம் சரியாக இருக்கவேண்டும். நியூட்ரலிலும் சரி, கியரில் ஓடும்போதும் சரி, சுவிச்சின் உருளை கீழேயுள்ள வெட்டுப் பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கவேண்டும். கேபிளில் இழுவிசை ஏறும்போது மட்டும் பள்ளத்தின் சரிவில் ஏறிச் சுவிச்சை அழுத்தும். உருளை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தால் கேபிள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, பெரும்பாலும் நிஜக் குற்றவாளி, கேபிள். கன்ட்ரோல் கேபிளின் முனையை ஷிஃப்ட் பிளேட்டிலிருந்து கழற்றுங்கள். பித்தளை பேரல் (கேபிள் முனையின் மரையில் நகரும் சிறு துண்டு) எந்த மரையில் நிற்கிறது என்று முன்கூட்டியே படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு நன்றி சொல்வீர்கள். இப்போது ஓட்டுநர் இருக்கையில் நெம்புகோலை ஆட்டுங்கள். கேபிள் கழன்ற பிறகும் இறுக்கம் இருந்தால் பழுது கன்ட்ரோல் பெட்டியிலோ கன்ட்ரோல் கேபிளிலோதான். பெட்டியைத் திறந்து சுத்தம் செய்து கிரீஸ் பூசலாம். கேபிளைத் திறந்து ஒன்றும் செய்ய முடியாது. எண்ணெய் விட்டுக் காப்பாற்றும் காலம் எல்லாம் வீண். அதே நீளத்தில் புதியது போடுங்கள்.

நெம்புகோல் இலகுவாக ஆடினால் அடுத்து ஷிஃப்ட் பிளேட்டின் கையைப் பிடித்து, கீழ்க் கேபிளை நேரடியாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். இன்னொருவர் புரொப்பெல்லரைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். நல்ல கேபிள் இரண்டு விரலுக்கு மசியும். மணிக்கட்டின் பலம் தேவைப்பட்டால் கேபிள் கெட்டுவிட்டது. இன்னும் சந்தேகமாக இருந்தால் ஸ்டியரிங்கை முழுசாக இடதும் வலதும் திருப்பி, டிரைவைச் சற்று மேலே தூக்கி, ஒவ்வொரு நிலையிலும் மறுபடி தள்ளிப் பாருங்கள். டிரைவ் திரும்பும்போது இறுக்கம் மாறுகிறது என்றால் பின்பலகைக்கும் டிரைவுக்கும் நடுவில் வளையும் இடத்தில்தான் கேபிள் செத்திருக்கிறது.

கேபிள் ஏன் கெடுகிறது? வெளியுறை வெடித்து, அல்லது ஷிஃப்ட் பெல்லோஸ் (கேபிளை மூடும் மடிப்பு ரப்பர் உறை) கிழிந்து, தண்ணீர் உள்ளே போகும். எஃகுக் கம்பி துருப்பிடித்து வீங்கும், இழைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். ஒன்ராறியோக் குளிரில் உறைக்குள் நின்ற தண்ணீர் பனிக்கட்டியாகி உறையை இன்னும் பிளக்கும். அக்டோபரில் நன்றாக இருந்த கியர் மே மாதம் சிக்குவதன் கதை பெரும்பாலும் இதுதான். வேறொன்றும் உண்டு: எஞ்சின் வேலை செய்த யாரோ கேபிளைப் பக்கத்துக் குழாயோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், அல்லது பற்றரிப் பெட்டி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். புதுக் கேபிள் வாங்கும் முன் அந்தப் பட்டியை வெட்டிப் பாருங்கள். அது ஒன்றே பழுதாக இருந்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம்.

அறிகுறி: கியரை எடுக்கும்போதெல்லாம் எஞ்சின் நின்றுபோகிறது

மேலே சொன்ன நோயின் மறுமுகம். கேபிள் இறுக்கமாக இருப்பதால் உருளை பள்ளத்தை விட்டு ஏறி அங்கேயே நிற்கிறது. சுவிச் ஒரு கணத்துக்குப் பதிலாக நீண்ட நேரம் இக்னிஷனை வெட்டுகிறது. இங்கேதான் ஒரு கெட்ட வைத்தியம் நடக்கும்: சுவிச்சின் வயரைக் கழற்றிவிடுவது. எஞ்சின் நிற்பது நின்றுபோகும், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு பற்கள் சுமையோடு பிரிக்கப்படும். ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். மழுங்கிய பல் ஓடும்போதே கியரை விட்டு வழுக்கும். நூற்றுக்கணக்கான டாலரில் முடியவேண்டிய வேலை அப்போது ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். சுவிச்சின் தாங்கியை வளைத்து வைப்பதும் இதே வகைதான். விற்பனைக்கு வரும் படகில் இந்த வயர் கழன்றிருப்பதைக் கண்டால் விலையை உடனே குறைத்துப் பேசுங்கள்.

அறிகுறி: நெம்புகோல் காற்றில் ஆடுவதுபோல் இலகுவாக இருக்கிறது, கியர் மாறவே இல்லை

இறுக்கத்தை விட இது ஆபத்தானது, ஏனென்றால் முன்கூட்டியே எச்சரிக்கை தராது. எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. ஷிஃப்ட் பிளேட்டில் இருந்து தொடங்குங்கள்: கேபிள் முனையின் பின் விழுந்திருக்கிறதா, பித்தளை பேரல் தன் இருக்கையை விட்டு எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எல்லாம் சரி, ஷிஃப்ட் பிளேட்டின் கையும் நகர்கிறது, ஆனால் புரொப்பெல்லரில் மாற்றம் இல்லை என்றால் கீழ்க் கேபிளின் உட்கம்பி அறுந்திருக்கும். அல்லது பெல் ஹவுசிங்குக்குள் கம்பியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணி கழன்றிருக்கும். இரண்டுக்குமே டிரைவைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

டிரைவைச் சமீபத்தில் கழற்றி மாட்டிய பிறகு இந்த அறிகுறி வந்ததென்றால் வேறு எதையும் தேடவேண்டாம். பெல் ஹவுசிங்கில் உள்ள கவ்வியும் டிரைவின் ஷிஃப்ட் ஷாஃப்ட்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்காரவில்லை. ஆல்ஃபாவைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் முன்கியரில் இருக்கவேண்டும். பிராவோ என்றால் நியூட்ரல். இதை மாற்றிச் செய்தவர் கவ்வியை நசுக்கியிருக்கவும் கூடும்.

அறிகுறி: பிராவோ அல்லது வால்வோ, கியரிலிருந்து வர மறுக்கிறது

ஐடில் வேகத்தையும் கேபிளையும் மேலே சொன்னபடியே பாருங்கள். வால்வோ பென்டாவின் எஸ்எக்ஸ் டிரைவில் ஒரு வசதி உண்டு. டிரைவின் பின்புறப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஷிஃப்ட் கேபிள் இணையும் இடம் கைக்கு எட்டும். அங்கே கேபிளைப் பிரித்துவிட்டு டிரைவின் கையைத் தனியாக ஆட்டிப் பார்க்கலாம். டிரைவைக் கழற்றாமலேயே பழுது கேபிளிலா உள்ளேயா என்று தெரிந்துவிடும். மெர்க்ரூஸர்காரர்கள் பொறாமைப்படவேண்டிய இடம்.

கேபிள் நன்றாக இருந்தும் கூம்பு விடவில்லை என்றால் அது எப்படி விடுகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். கூம்பு சுருள் மரை போன்ற ஸ்பிளைன் (ஷாஃப்ட்டில் வெட்டிய வரிப்பற்கள்) மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் தரும் திருகுவிசையே அதைக் கியரின் குழிக்குள் இன்னும் உள்ளே இழுக்கும். வெளியே எடுப்பதற்காகக் கூம்பின் நடுவில் மையம் விலகிய ஒரு வளையப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. கேபிள் நகர்த்தும் ஷிஃப்ட் ஷூ என்ற சிறு துண்டு அந்தப் பள்ளத்தில் ஓடும். கூம்பு சுற்றச்சுற்ற ஷூ அதைத் தட்டித்தட்டி வெளியே தள்ளும். ஷூ தேய்ந்திருந்தால் தட்டு விழாது. கூம்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கேபிளின் அளவு ஒரு பக்கம் குறைவாக இருந்தாலும் ஷூ போதிய தூரம் நகராது. இதனால் இவற்றில் நெம்புகோலைத் தயங்கித் தயங்கி நகர்த்துவது கெடுதல். ஐடிலுக்கு வந்ததும் ஒரே மூச்சில் நியூட்ரலுக்கு எடுக்கவேண்டும். ஆல்ஃபாவுக்கும் இதே விதிதான், காரணம் மட்டும் வேறு: மெதுவாகப் போட்டால் பல்லும் பல்லும் உரசிக் கடகடக்கும்.

ஷூவை மாற்றுவது பழகிய கைக்கு முடியும். கூம்பு தேய்ந்திருந்தால் மேல்பெட்டியைத் திறக்கவேண்டும். அதை அளவுக்கருவிகளும் ஷிம்களும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) உள்ள பட்டறைக்கு விடுங்கள்.

அறிகுறி: கேபிளெல்லாம் நல்லது, டிரைவைத் தனியே எடுத்தும் கியர் மாறவில்லை

இப்போதுதான் கியர்பெட்டியைச் சந்தேகிக்கலாம். கழற்றிய டிரைவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஷிஃப்ட் ஷாஃப்ட்டைத் திருப்பி, கூடவே புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் சுற்றிப் பாருங்கள். மூன்று நிலையும் தெளிவாக வந்தால் டிரைவ் குற்றமற்றது. வரவில்லை என்றால் கியர் ஒயிலை வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வடிகால் திருகாணியின் காந்தத்தில் பசைபோல் நுண்ணிய இரும்புப்பொடி ஒட்டியிருப்பது வயதின் அடையாளம். துண்டு துண்டாக இருந்தால் பல் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டோடு ஒருமுறை கூட ஓட்டவேண்டாம். ஆல்ஃபாவின் முதல் தலைமுறை 1990 வரை, இரண்டாம் தலைமுறை 1991 முதல். கீழ்ப்பெட்டிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழைய பெட்டி தேடுகிறவர்கள் தொடர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கீழ்க் கேபிளை மாற்றுதல்

பொறுமையுள்ளவர் ஒரு சனி, ஞாயிறில் செய்யக்கூடிய வேலை. நெம்புகோலை முன்கியரில் போடுங்கள். ஒயிலை வடியுங்கள், டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டர்களைப் பிரியுங்கள், டிரைவுக்குக் கீழே சரியான தாங்கி வையுங்கள். அது ஒருவர் கையில் தாங்கும் பாரமில்லை. ஆறு நட்டைக் கழற்றி நேராகப் பின்னே இழுத்தால் டிரைவ் வரும். முதல் தலைமுறையில் வேகமானியின் சிறு குழாயையும் பிரிக்கவேண்டும்.

பெல் ஹவுசிங்குக்குள் கேபிளின் முனையைக் கிராங்கிலிருந்து விடுவித்து, உறையைப் பிடித்திருக்கும் மரைத் துண்டைத் தளர்த்தவேண்டும். இதற்கென்றே ஒரு பிரத்தியேகச் சாக்கெட் விற்கிறார்கள். அது இல்லாமல் சுத்தியலும் இடுக்கியுமாக இறங்குகிறவர்கள் அலுமினிய மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கேபிள் படகுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று படம் எடுத்துவிட்டு உருவுங்கள். புதியதை அதே வழியில், கூர்மையான வளைவு இல்லாமல், எதோடும் இறுக்கிக் கட்டாமல் விடுங்கள். ஷிஃப்ட் பெல்லோஸைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். கேபிளைக் கொன்றது அதுவாகத்தான் இருக்கும். எஞ்சின் சுழற்சியை டிரைவுக்குக் கடத்தும் மூட்டை மூடும் யூ-ஜாயின்ட் பெல்லோஸ் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது கிழிந்தால் படகே மூழ்கும். டிரைவின் உள்ளீட்டு ஷாஃப்ட்டைத் தாங்கும் ஜிம்பல் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் மாற்றச் சரியான நேரம் இதுதான். கேபிளை மட்டும் மலிவு விலைப் பிரதியாக வாங்காதீர்கள். அவற்றில் சில புதிதாக இருக்கும்போதே தளர்வாக இருக்கும். மாட்டி முடித்த பிறகுதான் தெரியும், மறுபடி டிரைவைக் கழற்றவேண்டும்.

மாட்டும்போது டிரைவை முன்கியருக்குக் கொண்டுவந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பெல் ஹவுசிங்கில் உள்ள கவ்வி நேராகப் பின்பக்கம் பார்க்கவேண்டும். டிரைவ் உள்ளே போகாமல் முட்டினால் நட்டைப் போட்டு இறுக்கி இழுக்கவேண்டாம், வெளியே எடுத்து மறுபடி ஒழுங்குபடுத்துங்கள். ஆறு நட்டுக்கும் இறுக்கம் 50 அடி-பவுண்ட், அதாவது 68 நியூட்டன் மீட்டர்.

அட்ஜஸ்ட்மென்ட் இப்போதுதான். கன்ட்ரோல் கேபிளில் எப்போதும் கொஞ்சம் லொடலொடப்பு இருக்கும். நெம்புகோல் நியூட்ரலில் நிற்க, கேபிள் முனையை மெல்லத் தள்ளி ஒரு குறி, மெல்ல இழுத்து ஒரு குறி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே வரும்படி பித்தளை பேரலை மரையில் நகர்த்துங்கள். பிறகு முன்கியர் போட்டுப் புரொப்பெல்லர் பூட்டுகிறதா, பின்கியரிலும் பிடிக்கிறதா என்று பாருங்கள். முன்கியர் விழுந்து பின்கியர் முழுதாக விழவில்லை என்றால் ஷிஃப்ட் பிளேட்டின் கையில் உள்ள நகரும் ஸ்டட்டை அதன் காடியில் சிறிது நகர்த்தி வீச்சைக் கூட்டலாம். உங்கள் மாதிரிக்கான துல்லியமான அளவுகள் கையேட்டில் உண்டு.

முதல் ஓட்டத்துக்கு ஆட்கள் இல்லாத இடமாக, காற்று குறைந்த காலை நேரமாகப் பாருங்கள். கரையை விட்டு விலகி, ஐடிலில் முன், நியூட்ரல், பின், நியூட்ரல் என்று பலமுறை போடுங்கள். நியூட்ரலுக்கு வரும்போது எஞ்சின் ஒரு சிறு தும்மல் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடவேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி அதையே செய்யுங்கள், பிறகு மறுபக்கம். அதன்பின் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலுக்கு வந்து இன்னொருமுறை. சூட்டில் மட்டும் இறுகும் கேபிள் உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்றில் நெம்புகோல் தயங்கினாலும் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அன்றைக்கு யாரையும் சுற்றிக்காட்டக் கூட்டிப்போக வேண்டாம்.